பூனை, நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஆபத்தில்லாத செடிகள்: தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகச் செடி வளர்க்க வருபவர்கள் முதலில் தேடுவது "பாதுகாப்பான பத்துச் செடிகள்" மாதிரியான பட்டியலைத்தான். அதில் இரண்டு செடிகளை வாங்கி வந்து, நாலு வருடமாக மூலையில் இருக்கும் பழைய தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அந்தப் பழைய தொட்டியில்தான் பெரும்பாலும் ஆபத்து இருக்கும். அதனால் இந்த வேலையில் வரிசை முக்கியம்: முதலில் இருப்பதைக் கணக்கெடுத்து ஆபத்தானதை வெளியேற்ற வேண்டும். பிறகு பெயரைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகுதான் வெளிச்சம், வாங்குவது, மண், வைக்கும் இடம் எல்லாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: கேமரா உள்ள போன், எழுதி ஒட்ட வெள்ளை டேப், அழியாத பேனா, ரப்பர் கையுறை, அளவு டேப். உங்கள் பூனை அல்லது நாயின் இப்போதைய எடை கிலோவில் தெரிந்திருக்க வேண்டும். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் முடிவாகும். பகலில் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண்ணோடு, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் உள்ள எல்லாச் செடிகளையும் கணக்கெடுங்கள்

கூடத்தில் உள்ளவை மட்டும் போதாது. பால்கனி, குளியலறை ஜன்னல், மாடிப்படி, மேசையில் பாட்டில் தண்ணீரில் நிற்கும் கொடி, ஜாடியில் இருக்கும் பூங்கொத்து எல்லாமே கணக்கில் வர வேண்டும். விலங்குக்குத் தரைத் தொட்டியும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒன்றுதான்.

ஒவ்வொரு செடிக்கும் நாலு படம் எடுங்கள்: முழுச் செடி, இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டில் சேரும் இடம். பூவோ காயோ இருந்தால் அதற்கும் ஒன்று. இலையை மட்டும் படம் எடுத்து ஆப்பில் போட்டால் தவறான பெயர் வர வாய்ப்பு அதிகம். இளஞ்செடியின் இலை வளர்ந்த செடியின் இலையைப் போல இருக்காது. தண்டில் சேரும் இடமும் பூவும்தான் குடும்பத்தைக் காட்டிக் கொடுக்கும்.

தெரிந்துகொண்ட தாவரவியல் பெயரை டேப்பில் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு நாய் வாந்தி எடுக்கும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன செடி?" என்பதுதான். அப்போது உட்கார்ந்து தேட நேரம் இருக்காது. வீட்டில் வேறு யாராவது தனியாக இருந்தாலும் அந்த டேப்பைப் படித்துச் சொல்லிவிடலாம்.

பெயர் கண்டுபிடிக்க முடியாத செடியை விஷச்செடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் "விஷம்" என்ற ஒரே சொல்லில் அடக்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம். மணி பிளாண்டும் விஷப் பட்டியலில் இருக்கிறது, சைகஸும் இருக்கிறது. முதலாவது வாயை எரிக்கும். இரண்டாவது உயிரை எடுக்கும். இந்த வித்தியாசம் தெரியாதவர் ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுவார், இல்லை எதற்கும் பயப்பட மாட்டார். எனவே மூன்று பிரிவாகப் பிரியுங்கள்.

முதல் பிரிவு: இன்றே வெளியே போக வேண்டியவை

லில்லி. லிலியம் இனத்தைச் சேர்ந்த ஈஸ்டர் லில்லி, டைகர் லில்லி, ஏசியாடிக், ஓரியண்டல் வகைகளும், ஹெமரோகாலிஸ் இனத்தைச் சேர்ந்த டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். இலை, பூ, தண்டு, மகரந்தம், பூ நின்ற ஜாடித் தண்ணீர் எல்லாமே ஆபத்து. பூனை செடியைக் கடிக்கவே வேண்டாம். உரசிப் போனதில் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். நாய்க்கு இவை வயிற்றைக் கெடுக்கும், ஆனால் சிறுநீரகத்தை இப்படித் தாக்குவதில்லை. பூனை உள்ள வீட்டில் லில்லிக்குப் பாதுகாப்பான இடம் என்று ஒன்று கிடையாது.

சைகஸ். சேகோ பாம் என்று விற்கப்படும் இது உண்மையில் பனை வகையே இல்லை. இதில் உள்ள சைகசின் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும். எல்லாப் பாகமும் விஷம்தான், விதை அதைவிட மோசம். ஒன்றிரண்டு விதையே நாயைக் கொன்றுவிடலாம். வழவழப்பாக, உருட்டி விளையாட ஏற்றதுபோல இருப்பதால் நாய்கள் அதைத்தான் முதலில் வாயில் போடுகின்றன.

இதயத்தைத் தாக்குபவை. அரளி, பொன்னரளி, அடீனியம், லில்லி ஆஃப் த வேலி ஆகியவற்றில் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன. அரளி இலை காய்ந்த பிறகும் விஷம் குறைவதில்லை, அதனால் வெட்டிப் போட்ட சருகையும் அள்ளிவிட வேண்டும். சின்னத் தொட்டியில் பூவோடு வரும் கலாங்கோவும், அதே இனத்தைச் சேர்ந்த ரணகள்ளியும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. குறைவாகத் தின்றால் வாந்தியோடு நிற்கும், கூடினால் துடிப்பு தவறும்.

இவற்றோடு ஆமணக்கு (விதையில் ரிசின் என்ற விஷம்), செங்காந்தள் (கிழங்கில் கொல்கிசின் என்ற விஷம் அதிகம்), புருன்ஃபெல்சியா ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே செடியில் ஊதா, இளம் ஊதா, வெள்ளை எனப் பூ நிறம் மாறிக்கொண்டே வரும் புதர்தான் புருன்ஃபெல்சியா. நாய்களுக்கு வலிப்பு வரவைக்கும்.

இந்தப் பிரிவை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைத் தூக்கிய பிறகு கீழே கிடக்கும் விதை, இதழ், மகரந்தத் தூள் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். செடி போய்விட்டது, விதை சோபாவுக்கு அடியில் கிடக்கிறது என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இரண்டாம் பிரிவு: துன்பம் தருபவை

இதில் பெரிய கூட்டம் சேம்பு குடும்பம். மணி பிளாண்ட், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம், அக்லோனிமா, டீஃபன்பேக்கியா, கலேடியம், அலோகேசியா, ஆந்தூரியம், பீஸ் லில்லி, இசட்இசட் பிளாண்ட் எல்லாம் இதற்குள் வந்துவிடும். இவற்றின் செல்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. கடித்த அதே நொடி அவை நாக்கிலும் கன்னத்திலும் குத்தும். எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், சாப்பிட மறுக்கும், வாந்தியும் வரலாம். வலி உடனே வந்துவிடுவதால் பெரும்பாலான விலங்குகள் ஒரு கடியோடு நிறுத்திக்கொள்ளும். உயிர் போவது அரிது. ஆனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தால் அது அவசரநிலைதான். இந்தக் கூட்டத்தில் டீஃபன்பேக்கியா கொஞ்சம் கடுமையானது.

படிகம் அல்லாத வேறு காரணங்களால் வயிற்றைக் கெடுப்பவையும் உண்டு. ஸ்நேக் பிளாண்ட், டிரசீனா, ஐவி ஆகியவற்றில் சபோனின் இருக்கிறது. சோற்றுக்கற்றாழையில் தோலுக்குக் கீழே உள்ள மஞ்சள் பால் பேதியைக் கிளப்பும். ஜேட் செடி வாந்தியோடு தள்ளாட்டத்தையும் கொடுக்கும். கற்பூரவள்ளியின் எண்ணெய்ச் சத்து வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வீட்டு மருந்து என்ற பெயர் இருப்பதாலேயே கற்பூரவள்ளியையும் கற்றாழையையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. மனிதருக்கு நல்லது விலங்குக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூனையின் கல்லீரல் பல வேதிப்பொருட்களை நம் கல்லீரலைப் போல வேகமாக உடைத்து வெளியேற்றாது.

இரண்டாம் பிரிவை வைத்திருப்பதா வேண்டாமா என்பதை உங்கள் விலங்கின் குணத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். குட்டி இருக்கும் வீட்டில் கொடுத்துவிடுவதே நல்லது.

மூன்றாம் பிரிவு: விஷமற்றவை

இவை ஐந்தாவது படியில் வருகின்றன. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விஷமற்றது என்றால் தீவனம் என்று அர்த்தமில்லை. எந்த இலையையும் நிறையத் தின்றால் நார் செரிக்காமல் பூனை வாந்தி எடுக்கும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல செடியைத் தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு வழக்கம்போல ஓடி விளையாடினால் அது நார்தான். வாந்தி தொடர்ந்தாலோ சோர்ந்து படுத்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

3. கடைப் பெயரை நம்பாதீர்கள், தாவரவியல் பெயரைக் கேளுங்கள்

செடிக் கடைகளில் ஒரே பெயரில் நல்லதும் கெட்டதும் சேர்ந்து விற்கப்படும். அதிகம் பேர் ஏமாறும் பெயர்கள் இவை:

பாம்: அரேகா பாம் (டிப்சிஸ் லுட்டசென்ஸ்), பார்லர் பாம் (சமேடோரியா எலிகன்ஸ்), கென்டியா பாம் (ஹோவியா ஃபார்ஸ்டெரியானா) மூன்றும் பாதுகாப்பானவை. சேகோ பாம் (சைகஸ் ரெவொலூட்டா) கொல்லும். சேகோவின் இலை தொட்டால் குத்தும் அளவு விறைப்பாக, பளபளவென்று இருக்கும். அடித்தண்டு சொரசொரப்பான உருண்டையாக இருக்கும்.

ஃபெர்ன்: பாஸ்டன் ஃபெர்ன் (நெஃப்ரோலெப்பிஸ் எக்ஸல்டாட்டா) பாதுகாப்பானது. அஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியே அல்ல. அதன் பழம் வயிற்றைக் கெடுக்கும், இலையில் அடிக்கடி உரசினால் தோல் தடிக்கும்.

மணி பிளாண்ட்: சாதாரணமாக இந்தப் பெயரில் கிடைப்பது எபிப்ரெம்னம் ஆரியம், இரண்டாம் பிரிவு. ஜேட் செடியையும் சிலர் இப்படித்தான் அழைக்கிறார்கள், அதுவும் இரண்டாம் பிரிவு. சைனீஸ் மணி பிளாண்ட் என்பது பைலியா பெபரோமியாய்ட்ஸ். வட்ட இலையின் நடுவில் காம்பு சேரும் இந்தச் செடி பாதுகாப்பானது.

மூங்கில்: லக்கி பாம்பூ மூங்கில் அல்ல, டிரசீனா சாண்டெரியானா. தண்ணீரில் நிற்பதால் பூனை வந்து அந்தத் தண்ணீரையும் நக்கும்.

லில்லி: பீஸ் லில்லியும் கல்லா லில்லியும் உண்மையான லில்லிகள் அல்ல. வாயை எரிக்கும் சேம்பு வகை. இதைத் தெரிந்துவைத்தால் தேவையில்லாத பீதியும் இல்லை, தவறான தைரியமும் இல்லை. லேபிளில் வெறும் "லில்லி" என்று மட்டும் இருந்தால் பூனை உள்ளவர்கள் வாங்கவே வேண்டாம்.

மல்லிகை: ஜாஸ்மினம் இனத்து மல்லி, முல்லை பாதுகாப்பானவை. நந்தியாவட்டையை ஆங்கிலத்தில் ஒரு வகை ஜாஸ்மின் என்று சொன்னாலும் அது அரளிக் குடும்பம்.

கள்ளி: கேக்டஸ் எனப்படும் உண்மையான கள்ளிக் குடும்பச் செடியில் வெள்ளைப் பால் பெரும்பாலும் வராது. யூஃபோர்பியாவைக் கீறினால் பால் வடியும், வாயையும் கண்ணையும் எரிக்கும். முள்ளில்லாத கிறிஸ்துமஸ் கள்ளி பாதுகாப்பானது.

தாவரவியல் பெயர்களும் அவ்வப்போது மாறும். ஸ்நேக் பிளாண்ட் முன்பு சான்செவியேரியா, இப்போது டிரசீனா டிரைஃபாசியாட்டா. கலாத்தியா வகைகள் பல இப்போது கோப்பர்ட்டியா. லேபிளில் புதுப் பெயரும் பட்டியலில் பழைய பெயரும் இருக்கலாம், இரண்டையும் தேடுங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு வைத்திருக்கும் பட்டியல் பூனைக்குத் தனியாக, நாய்க்குத் தனியாகச் சொல்வதால் சரிபார்க்க வசதி. ஒரு செடி அந்தப் பட்டியலில் இல்லை என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

4. உங்கள் விலங்கின் பழக்கத்தைக் கவனியுங்கள்

ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். பூனைக்குப் புல் போல நீண்டு தொங்கும், காற்றில் ஆடும் இலை பிடிக்கும். நாய்க்குட்டி மூன்று முதல் ஆறு மாதம் வரை பல் முளைக்கும் காலத்தில் தண்டு, தொட்டி விளிம்பு எதையும் விடாது. வளர்ந்த நாய் இலையைவிட மண்ணையும் உரத்தையும்தான் தேடும்.

இலை கடிக்கும் பூனைக்கு அகலமான, தடித்த இலைச் செடி பொருந்தும். மண் தோண்டும் நாய்க்கு எந்தச் செடி என்பதைவிடத் தொட்டியில் என்ன போடுகிறீர்கள் என்பதே பெரிய கேள்வி.

5. வெளிச்சத்தை அளந்து, அதற்கேற்ற செடியைத் தேர்ந்தெடுங்கள்

நடுப்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வையுங்கள். அதற்கு 30 செ.மீ. மேலே கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். ஓரம் மங்கிய கை உருவம் தெரிந்தால் நடுத்தரம். நிழலே சரியாக விழவில்லை என்றால் குறைந்த வெளிச்சம்.

பாதுகாப்பு வழிகாட்டியில் வெளிச்சத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வெளிச்சம் போதாத செடி இலை உதிர்க்கும், ஓரம் காயும். தரையில் விழுந்து சரசரக்கும் சருகைவிடப் பூனைக்குப் பிடித்த விளையாட்டுப் பொருள் இல்லை. நோஞ்சான் செடிக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு மருந்து அடிப்பீர்கள், அந்த மருந்து விலங்கின் வாய்க்குள் போகும்.

குறைந்த வெளிச்சத்துக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா. மெதுவாக வளரும், ஆனால் தாக்குப்பிடிக்கும். இலை தடிப்பாக இருப்பதால் பூனைக்கு ஆர்வம் குறைவு. பார்லர் பாமும் இங்கே சமாளிக்கும்.

நடுத்தர வெளிச்சத்தில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. கலாத்தியா, மராண்டா, பெபரோமியா, ஃபிட்டோனியா, பாஸ்டன் ஃபெர்ன், பறவைக்கூட்டுப் பெரணி, ஸ்பைடர் பிளாண்ட். புதியவர்களுக்கு முதல் செடியாகப் பெபரோமியாவைச் சொல்லலாம். சதைப்பற்றுள்ள இலை, தண்ணீர் விட மறந்தாலும் பொறுக்கும், கையடக்க அளவு. கலாத்தியா அழகுதான், ஆனால் காற்று வறண்டால் இலை ஓரம் கருகும். பாஸ்டன் ஃபெர்ன் வறண்டால் சின்னச் சின்ன இலைகளை அறை முழுக்கக் கொட்டும். மண் எப்போதும் லேசான ஈரத்தில் இருக்க வேண்டும்.

ஸ்பைடர் பிளாண்ட் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கும், விஷமும் இல்லை. ஆனால் பூனைகள் விடாமல் மேயும் செடியும் இதுதான். தொடர்ந்து தின்று வாந்தி எடுக்கும் பூனை என்றால் வேறு செடி பாருங்கள்.

நல்ல வெளிச்சத்துக்கு அரேகா பாம் (வீட்டுக்குள் 2 மீட்டர் வரை போகும், இடம் வேண்டும்), ஹோயா, பலனாப்சிஸ் ஆர்க்கிட், ஆப்பிரிக்கன் வயலட். நேர் வெயில் படும் ஜன்னலோரம் எச்சிவேரியா, போனிடெயில் பாம். ஹவர்தியாவைச் சிறு கற்றாழை என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் ஹவர்தியா பாதுகாப்பானது.

6. வாங்கும்போது கையால் தொட்டுப் பாருங்கள்

லேபிளைப் படம் எடுங்கள். லேபிள் இல்லாத செடி, "கலப்புத் தொட்டி" என்று நாலைந்து செடிகள் நெருக்கி நட்டது இரண்டையும் தவிருங்கள். கலப்புத் தொட்டியில் மூன்று நல்ல செடிகளுக்கு நடுவில் ஒரு ஐவியோ சிங்கோனியமோ நிரப்புச் செடியாக இருப்பது சகஜம்.

பழுத்து உதிரப்போகும் இலை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் பெயர் உறுதியாகும் வரை வாங்காதீர்கள். கையைக் கண்ணில் வைக்காமல் கழுவிவிடுங்கள்.

என்ன பூச்சிமருந்து போட்டார்கள் என்று கேளுங்கள். வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே தங்கும் வகை மருந்துகளைத் துடைத்துப் போக்க முடியாது. பதில் எதுவாக இருந்தாலும், புதுச் செடியை விலங்கு நுழையாத அறையில் இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். முதல் நாளே இலைகளின் இரு பக்கமும் தண்ணீரால் கழுவி, மேலே உள்ள 2 செ.மீ. மண்ணை வழித்து மாற்றுங்கள். கடையில் தூவிய குருணை உரமும் மருந்தும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கும்.

ஆர்க்கிட் வாங்கினால் தண்டைத் தாங்கும் கம்பியையும் பிளாஸ்டிக் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள். செடியில் விஷமில்லை. விழுங்கிய கம்பி குடலைக் கிழிக்கும்.

7. தொட்டிக்குள் என்ன போகிறது என்பதில் கவனம்

செடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஆமணக்குப் புண்ணாக்கைத் தொட்டியில் போடாதீர்கள். இயற்கை உரம் என்ற நம்பிக்கையில் போடுவார்கள், நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும். எண்ணெய் எடுத்த பிறகும் சக்கையில் ரிசின் தங்கியிருக்கலாம். எலும்புத்தூளும் இரத்தத்தூளும் நாயை இழுக்கும். எலும்புத்தூளை அதிகம் தின்றால் வயிற்றில் சிமெண்ட் போல இறுகி அடைத்துக்கொள்ளும். காபிச் சக்கையில் காஃபீன் மீதம் இருக்கிறது. கொக்கோ ஓட்டுத் தூளில் சாக்லேட்டில் உள்ள அதே தியோபுரோமின் இருக்கிறது. நத்தைக்கு வைக்கும் மெட்டல்டிஹைடு குருணை நாய்க்கு உடல் நடுக்கத்தையும் வலிப்பையும் தரும். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து உள்ள தெளிப்பு பூனைக்கு ஆகவே ஆகாது.

பிறகு எதைப் போடுவது? நன்றாக மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ போதும். மேலே தூவாமல் மண்ணோடு கலந்துவிடுங்கள். திரவ உரம் விட்டால் தட்டில் வடியும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். பூனையும் நாயும் கிண்ணத்துத் தண்ணீரை விட்டுவிட்டு தட்டுத் தண்ணீரைக் குடிக்கும்.

மண்ணை மூடக் கல் போடுவதானால் உங்கள் நாயின் வாய்க்குள் போகாத அளவுக் கல்லாக இருக்கட்டும். பூனைக்கு மட்டும் என்றால் 5 முதல் 7 செ.மீ. உருண்டைக் கல் சரி. கடலை அளவு அலங்காரக் கல்லும், ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளும் வேண்டாம். குட்டி விழுங்கினால் குடல் அடைக்கும். ஈரமான தொட்டியில் திடீரென்று மஞ்சள் குடைக்காளான் முளைத்தால் அன்றே பிடுங்கி எறியுங்கள்.

8. இடம் பார்த்து வையுங்கள்

"உயரத்தில் வைத்துவிட்டேன்" என்பது நாய்க்குச் சரி, பூனைக்குச் செல்லாது. வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்தே ஒன்றரை மீட்டர் தாவும். இடையில் ஒரு நாற்காலியோ ஜன்னல் திட்டோ இருந்தால் அலமாரி உச்சியும் எட்டும் தூரம்தான். கூரையில் தொங்கவிட்ட தொட்டியிலிருந்தும் இலை கீழே விழும். அதனால் உயரத்தை முதல் பிரிவுச் செடிகளுக்குத் தீர்வாக நினைக்காதீர்கள்.

இரண்டாம் பிரிவில் ஏதாவது ஒன்றை வைத்தே தீர வேண்டும் என்றால் கதவு சாத்தும் அறையோ கண்ணாடி அலமாரியோதான் நம்பகமானது.

தொட்டி கவிழாமல் இருப்பதும் பாதுகாப்புதான். செடியின் உச்சியை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். தொட்டியின் அடி தூக்கினால் பூனை பாய்ந்ததும் கவிழும். பிளாஸ்டிக் தொட்டியைக் கனமான மண் தொட்டிக்குள் இறக்கி வைப்பது எளிய வழி. உணவுக் கிண்ணம், படுக்கை, கழிப்பு மணல் தட்டு ஆகியவற்றிலிருந்து தொட்டியைத் தள்ளியே வையுங்கள். மணல் தட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய தொட்டியைப் பூனை இன்னொரு கழிப்பிடமாகவே எடுத்துக்கொள்ளும்.

9. மேய்வதற்கென்று ஒரு தட்டுப் புல்

புல் தின்பது பூனையின் இயல்பு. அதட்டி நிறுத்த முடியாது, திசை திருப்பலாம்.

பூச்சிமருந்து கலக்காத, சமையலுக்கான முழுக் கோதுமை ஒரு கைப்பிடி எடுத்து இரவு முழுக்க ஊற வையுங்கள். விதைக்கடை விதை வேண்டாம், பூஞ்சைமருந்து பூசியிருப்பார்கள். அடியில் துளையுள்ள அகலத் தட்டில் 5 செ.மீ. மண் போட்டு, தானியம் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கமாகப் பரப்புங்கள். அரை செ.மீ. மண் மூடி, நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். 7 முதல் 10 நாளில் 10 செ.மீ. உயரம் வந்ததும் பூனைக்கு வையுங்கள்.

முளைத்தவுடன் வைத்தால் வேரோடு பிடுங்கிவிடும். மண்ணை நெருக்கமான வேர் பிடிக்கும் வரை பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் புல் மஞ்சளாகும், அடியில் பூஞ்சணம் தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். முதல் தட்டை வெளியில் வைக்கும் நாளிலேயே அடுத்த தட்டை விதைத்தால் இடைவெளி விழாது. தட்டை மற்றச் செடிகளுக்கு நடுவில் வைக்காமல் தள்ளி வையுங்கள்.

10. பரிசாக வரும் பூங்கொத்தைப் பிரித்துப் பாருங்கள்

தொட்டிகளைச் சுத்தப்படுத்திய வீட்டிலும் விருந்தினர் கையில் லில்லி வந்துவிடும். கொத்தை ஜாடியில் வைப்பதற்கு முன் கதவுக்கு வெளியே பிரியுங்கள். ஆறு இதழ், நீட்டிக்கொண்டு நிற்கும் ஆரஞ்சு அல்லது பழுப்பு மகரந்தப்பை தெரிந்தால் லில்லி. மகரந்தப்பையை மட்டும் கிள்ளி எறிந்தால் போதும் என்பது தவறான யோசனை. இதழிலும் தண்டிலும் தண்ணீரிலும் விஷம் இருக்கிறது. அதோடு ஒட்டி வந்த மற்றப் பூக்களிலும் தூள் படிந்திருக்கும். முழுக் கொத்தையும் விட்டுவிடுங்கள்.

சாமந்தி நக்கினால் வாந்தி, தோல் எரிச்சல். ரோஜா, ஜெர்பரா, சூரியகாந்தி, லிசியாந்தஸ் பயமில்லை. ரோஜாவின் முள்ளை மட்டும் சீவிவிடுங்கள்.

11. கடித்துவிட்டால் செய்ய வேண்டியது

வாயில் மீதமுள்ள இலையை எடுங்கள். விலங்கு நினைவோடு இருந்தால் ஈரத் துணியால் நாக்கையும் ஈறையும் துடையுங்கள். சேம்பு வகை என்றால் நல்ல தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். லில்லி மகரந்தம் உடம்பில் இருந்தால் நக்கவிடாமல் பிடித்து, ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, அதுவே தனி விஷமாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கும். பால் விஷத்தை முறிக்காது.

முதல் பிரிவுச் செடி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. லில்லி தின்ற பூனை சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், பிறகு தேறியதுபோல இருக்கும். "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடும் அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் முழுதாகச் செயலிழக்கும். 18 மணி நேரத்துக்குள் இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சைகஸிலும் இப்படித்தான்: வாந்தி சீக்கிரம் வரும், கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்தே வெளியே தெரியும்.

போகும்போது கடித்த இலையை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாந்தியில் இலைத் துண்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்ல வேண்டியவை ஐந்து: தொட்டியில் ஒட்டியுள்ள பெயர், எந்தப் பாகம், தோராயமாக எவ்வளவு, எத்தனை மணிக்கு, விலங்கின் எடை. இவற்றைச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் மருந்தைத் தயாராக வைத்திருக்க முடியும்.